நூற்றுப் பன்னிரண்டு முதல் நூற்றெண்பத்தேழு வரை

சபையின் வாலிபர் சங்க அறையிலிருந்த ஸ்பூல் டேப் ரெக்கார்டரை இயக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஏசுபாதம், மற்றவள் அவன் தங்கை தபீதாள். அவளுக்குப் பதினேழு வயது.

அந்த மெஷினில் நாடா ஓடும் வழியில் அடுத்தடுத்து இரண்டு உலோகத் தலைகள் உண்டு. முதலாவது அழிக்கும் தலை, அடுத்தது பதியும் தலை. பதிவுப் பொத்தானை அழுத்தினால், நாடா அழிக்கும் தலையைத் தொட்டுச் சுத்தமான பிறகே பதியும் தலைக்குப் போகும். கரும்பலகையைத் துடைத்துவிட்டு எழுதுவதைப் போலத்தான். ஒரே வித்தியாசம், வாத்தியார் ஒன்றும் எழுதாவிட்டாலும் இந்தப் பலகை துடைபட்டுக்கொண்டே போகும்.

கீர்த்தனைகள் நிறைந்த ஸ்பூல் ஒன்றின் நடுவே ஒரு ராக் பாட்டு அகப்பட்டுக் கிடந்தது. எண்காட்டியில் 112-ல் தொடங்கும், 187-ல் முடியும். 1964-ல் தாம்பரத்து மண்டபம் ஒன்றில் சுந்தர்சிங் என்பவர் எலெக்ட்ரிக் கிடாரோடு பாடியது. மே மாத வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறுவாராம் அந்த மனிதர். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்தபடி நின்று வாசிப்பாராம். கேட்டால், "பாட்டு அங்கேர்ந்துதானே வருது, உங்க மூஞ்சிலேர்ந்தா வருது?" என்பாராம். ஒருநாள் அந்த மண்டபத்து மின்விசிறி சுருதி சேரவில்லை என்று பாதிப் பாட்டில் இறங்கிப் போனவர், அப்புறம் மேடையேறவே இல்லை.

ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தபீதாள் மட்டும் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தாள். பாட்டுக்குப் பின்னால் அந்த விசிறி இரைந்துகொண்டிருந்தது. மெய்யாகவே சுருதிக்கு ஒரு மயிரிழை கீழேதான். அன்று பிடித்த பித்து மூன்று வருஷமாக இறங்கவில்லை.

1977 நவம்பரில், அவர் அஸ்தினாபுரத்தில் குடியிருக்கிறார் என்று தெரிந்தது. அந்தப் பாட்டை அவர் காதில் போட்டுவிட்டால் போதும், மனிதர் மறுபடி பாடிவிடுவார் என்று நம்பினாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மெஷினைச் சைக்கிள் கேரியரில் டியூபால் கட்டி, அண்ணனை உருட்டிவரச் செய்தாள்.

"உன் மழைக்கோட்டு ராஜாவுக்குப் பல்லக்கு தூக்குற மாதிரி இருக்குடி," என்றான் ஏசுபாதம்.

கதவைத் திறந்தது அவர் மனைவி ரத்தினபாய். "இவருக்கு ரசிகையா? வீட்டு நம்பரைச் சரியாப் பாத்தியாம்மா?"

சுந்தர்சிங் லுங்கியும் கம்பெனி கொடுத்த ஸ்வெட்டருமாக வந்தார். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். மின்சார ரயில் கிளம்புகிறபோது சத்தம் கூடிக்கொண்டே போகுமே, அதைப் போல நடுவில் கிடார் ஏறும் இடத்தில் மட்டும் அவர் முகம் சுளித்தது.

"அந்த ஏத்தம் தப்பு. பதிமூணு வருஷமா உறுத்துது. சரியானது இப்பத்தான் விரல்ல நிக்குது. அதே இடத்துல பதிஞ்சுக்கோ."

"சார், இது ஒண்ணுதான் இருக்கு. காப்பி எடுக்க இன்னொரு மெஷின் வேணும், எங்ககிட்ட இல்ல. திங்கட்கிழமை புது ஸ்பூல் கொண்டாரேன்."

"திங்கட்கிழமை விரல்ல நிக்காதும்மா."

"அப்ப ஸ்பூல்ல வேற எங்கயாவது..."

"வேற எங்க? கீர்த்தனை மேலயா? பாவத்தைக் கொட்டிக்காதே."

பாட்டு அவருடையது, அதில் அவளுக்கு என்ன உரிமை?

அவர் விசிறியை நிறுத்தினார். அலமாரி மேலிருந்து கிடாரை இறக்கி, அதன் வயரை மூலையிலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகி, வழக்கம்போல அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். கையைத் தூக்கிச் சைகை செய்தார். தபீதாள் 112-க்குச் சுற்றிவந்து பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

விரல்கள் தந்தி மேல் போய் நின்றன. அசையவில்லை.

மெஷினின் முகப்பில் ஒரு பச்சைக் கண் உண்டு. சத்தம் கேட்டால் அதன் இரண்டு இமைகளும் நெருங்கும், கேட்காவிட்டால் விலகி நிற்கும். அவை விலகியே நின்றன. 118. 125. வெளியே ஒரு காக்கை கரைந்தது, இமைகள் துடித்து அடங்கின. 131, பிளாட்பாரம் என்ற சொல்லை அவர் இழுத்துப் பாடும் இடம். போயிற்று. சமையலறையில் ரத்தினபாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

வாய் திறந்தால் அவள் குரல் அவர் பாட்டில் விழும். நிறுத்தினாலோ, நிறுத்துகிற அந்த நொடியில் அவர் தொடங்கிவிடலாம். அடுத்த நொடி தொடங்கிவிடுவார், இதோ அடுத்த நொடி என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். 150. அந்த ஏத்தம் போயிற்று. 170. மண்டபத்து விசிறிகூட இனி இல்லை.

187-ல் விரல் தானாகப் போய் நிறுத்தியது. அடுத்தது கீர்த்தனை.

பொத்தான் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை, கண்ணில் ஒரு பிள்ளைச் சிரிப்பு.

"ஏத்தம் கைல கீதும்மா, ஆரம்பம்தான் பிடிபடலை. பழசை இன்னொரு தடவை போடேன். நான்தான் இன்னும் ஒண்ணும் வாசிக்கலையே, அது அப்படியேதானே இருக்கும்?"

என்ன செய்வதென்று தெரியாமல் 112-க்குச் சுற்றினாள். அவர் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டு தலையைச் சாய்த்தார். ஸ்பீக்கர் லேசாக உறுமியது. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு காக்கை கரைந்தது.

"சார்..." என்றாள்.

"உஷ், பேசாதே," என்றார் சுந்தர்சிங், திரும்பாமலே. "இப்ப வரும்."