வீட்டுக்கு ஒரு பெட்டி

வீட்டுக்கு ஒரு தேனீப் பெட்டிதான் என்று காலனிச் சங்கத் தலைவர் கோவிந்தராஜுலு விதி போட்டார். தேனீக் கூட்டம் பிரிந்தால் குடிவைக்க விமலாராணி டீச்சர் தன் தேனீப் பெட்டியோடு ஒரு காலிப் பெட்டியும் வைத்திருந்தாள்.

"காலியா இருந்தாலும் பெட்டி பெட்டிதானுங்க" என்று தலைவர் அதை எடுக்கவைத்தார்.

மாசியில் கூட்டம் பிரிந்தது. போக்கிடமில்லாத பாதி, தலைவருடைய பஜாஜ் ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரில் பலாப்பழம்போலத் தொங்கியது. சிங்காநல்லூர்க் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிய தலைவர் ஜன்னலுக்குள்ளிருந்து அலறினார்.

"ஏனுங்க டீச்சர், உங்க பூச்சியப் புடிச்சுட்டுப் போங்க!"

டீச்சருக்கு வயிறு குளிர்ந்தது. முகத்தை மட்டும் பாவமாக வைத்துக்கொண்டாள்.

"அதெப்புடீங்க? ஊட்டுக்கு ஒண்ணுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. எனக்கு ஒண்ணு இருக்குதுங்க. இது உங்களுதுங்க."