பந்து எறிந்த கை

1979இல் வால்டர் என்ற வயதான அமெரிக்கர் கல்முனையில் கச்சிமுகம்மதுவைத் தேடி வந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் படகு கவிழ்ந்தபோது, கூலியாளான கச்சிமுகம்மதுவைக் காப்பாற்றிய கடற்படைக்காரர் அவர்.

சாப்பிடுமுன் கை கழுவிய வால்டர், கொடியில் கிடந்த துவாயை எடுக்க முயன்றார். வலது கை உயரவில்லை. கச்சிமுகம்மதுவின் மகளும் ஆங்கில ஆசிரியையுமான நபீலா காரணம் கேட்டாள்.

"வாப்பா, இவர் சம்பளத்துக்குப் பேஸ்போல் விளையாடினவராம். பந்து எறியிற கை. அண்டைக்கு உங்களத் தாங்கிப் பிடிச்சதில தோள் விலகிட்டாம். பிறகு விளையாடவே இல்லையாம்."

கச்சிமுகம்மது தானே துவாயை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "எனக்குத் தெரியாதே மகள்! பிறகேன் என்னத் தேடி வந்தாராம்?"

நபீலா கேட்டுச் சொன்னாள். "நீங்க நல்லா இரிக்கீங்களா எண்டு பாக்கத்தானாம்."

கச்சிமுகம்மது பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து அந்த வலது கையைப் பிடித்து ஸலாம் சொன்னார்கள். பதினேழு பேர். வால்டர் அழுதுகொண்டே சிரித்தார்.