மழை விட்டபின் வந்த தண்ணீர்

மழை விட்டு வெயிலே அடித்துவிட்டது. அப்போதுதான் கொழுந்தன் உள்ளே வந்து, அண்ணியின் தையல் மெஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தான். அரிசி டின்னையும் பரணில் ஏற்றினான்.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"சும்மா, ஒரு முன்ஜாக்கிரதைதான் அண்ணி." டீகூடக் குடிக்காமல் கிளம்பினான்.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. போன மழையிலும் இப்படித்தான் வந்தான். அவன் போன இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அதற்கு முந்தின தடவையும் அப்படியே. பெய்யும்போது வராத தண்ணீர், விட்டபிறகு எங்கிருந்து வருகிறது? அது வரப்போவது இவனுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். அவனுக்குக் கால்வாய் மதகில் ஆபரேட்டர் வேலை. அங்கே இரண்டு மதகுகள். ஒன்று, ஏரியைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடிகளின் பக்கம், இறுக மூடியிருந்தது. இன்னொன்று இவர்கள் தெருப் பக்கம். அதன் சக்கரத்தில்தான் அவன் கை இருந்தது.

"நீதானா?"

"மேலேர்ந்து ஃபோன் வருது அண்ணி. அங்க கார் நிறுத்துற இடத்துல தண்ணி ஏறக் கூடாதாம். முன்னெல்லாம் எப்பவோ ஒருதரம் பெய்யுற மழை, இப்ப வருஷத்துக்கு மூணு தடவை பெய்யுது. மழை விட்டப்புறம்தான் மேல இருந்து வர்ற தண்ணியில கால்வாய் நிரம்புது. எங்கயாவது திறந்துதானே ஆகணும்?"

"அந்த எங்கயாவது எங்க வீடா?"

"நான் மாட்டேன்னா வேற ஒருத்தன் திறப்பான். அவன் உங்ககிட்ட சொல்லவும் மாட்டான்."

அவளுக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இப்ப சுத்து, பார்க்கலாம்."

அவன் கையை எடுத்துவிட்டான். அவள் தெருக்காரர்களுக்கு ஃபோன் பண்ணினாள். தெருவே திரண்டு வந்து நின்றது. அன்றைக்கு அடுக்குமாடிப் பக்க மதகைத்தான் திறக்க வேண்டியிருந்தது; கார்கள் நனைந்தன. மூன்று வருஷமாக இந்தத் தெருவை எட்டிப் பார்க்காத இன்ஜினியர் அரை மணியில் ஜீப்பில் வந்து இறங்கினார். "இனிமே ரெண்டு பக்கமும் சமமாத் திறப்போம்மா" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார்.

அடுத்த வாரமே கொழுந்தனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மதகைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுப் பூட்டும் தொங்கவிட்டார்கள். புது ஆபரேட்டர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"சமமாத்தான் திறக்கப்போறாங்கன்னா பூட்டு எதுக்கு?" என்று கேட்டாள் தையல்காரி. இப்போதெல்லாம் வானம் கறுத்தால், தெருவிலிருந்து இரண்டு பேர் முறை வைத்துப் போய் வேலிக்கு வெளியே உட்கார்ந்துவிடுகிறார்கள். மழை விட்டாலும் எழுந்து வருவதில்லை.