பின்மண்டை எலும்பு

எலும்பாம், எலும்பு. ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு முன் வெட்டுப்பட்ட ஒரு தளபதியின் எலும்பு, எழுபது நாள் குழந்தையின் மண்டையில் வந்து முளைத்துவிட்டதாம். யுன்ஷு மகளின் பின்தலையை நெருடிக்கொண்டிருந்த மாமியாரின் விரல்களையே பார்த்தாள். சந்தையில் முலாம்பழம் பொறுக்குகிற விரல்கள்.

"இங்க பாரு, எப்படிப் பொடைச்சுக்கிட்டு நிக்குது! அந்தத் தளபதி வெய் யானுக்கு இருந்த அதே துரோக எலும்பு. பாத்த மாத்திரத்துல ராஜாவோட மந்திரி கண்டுபிடிச்சுட்டாராமே. கூட இருந்தே குழி பறிக்கிற புத்தி."

"பச்சக் கொழந்தைம்மா," என்றான் கணவன் பெய்லின், மிளகாயெண்ணெய் மிதக்கும் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"பச்சையா இருக்கும்போதே அமுக்கினாத்தான்டா உண்டு. நூறாம் நாள் விருந்துக்கு ஒங்க பெரியப்பா குடும்பமே வருது. ஆளாளுக்குத் தலையத் தடவுவாங்க. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்கறது?"

சிவப்புத் துணியில் சுற்றிய ஒன்றைத் தொட்டிலில் வைத்தாள். பெய்லினின் பள்ளிக்கூட அகராதி. தலையணைக்குப் பதில் அதுதான். விருந்துக்குள் மண்டை பலகையாகிவிடும்.

நகர அருங்காட்சியகத்தில் வெய் யானுக்கான குறிப்பட்டையை எழுதியவளே யுன்ஷுதான். இந்த ஹான்ஜோங் நகரத்தைப் பத்து வருடம் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்தவன் அவன். பழைய வரலாற்றில் எலும்பைப் பற்றி ஓர் எழுத்து கிடையாது. கதை சொல்லிப் பிழைத்தவர்களுக்கு ஒரு துரோகி வேண்டியிருந்தான்; எலும்பை ஒட்டவைத்தார்கள். மாமியாரின் மாடத்தில் ஊதுவத்திப் புகையில் நிற்கும் குவான் யூவோ, அதே காலத்துத் தளபதி; தலைக்கனத்தால் ஒரு மாகாணத்தையே கோட்டைவிட்டவர். தொலைத்தவர் சாமி, காத்தவன் துரோகி. இவர்களுக்கு வரலாறு எதற்கு? அந்தச் சிலையின் செம்முகமும் நீளத் தாடியும் போதும்.

"துரோகின்னா, எதிரி வந்தப்பவே கோட்டைக் கதவத் தெறந்து விட்ருக்கலாமே அத்தை? பத்து வருஷம் எதுக்குக் காத்தாரு?"

"சமயம் பாத்துக்கிட்டு இருந்திருப்பான். கண்ணாடிப் பெட்டிக்குச் சீட்டு எழுதறவளுக்கு இதெல்லாம் எங்க புரியும்?"

பெய்லின் சிரித்தான்.

கல்யாணத்துக்கு முன், தலை வாரிவிடும் சாக்கில் இதே விரல்கள் அவள் பின்தலையையும் தடவின. 'நல்லா தட்டையா இருக்கு. அடங்கின பொண்ணு.' அவளும் சிரித்தாள். தன் அம்மா எந்தச் செங்கல்லை வைத்துத் தட்டையாக்கினாளோ என்று அன்றைக்கு அவள் யோசிக்கக்கூட இல்லை. இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசியது. மாமியாராவது நம்பித் தொலைக்கிறாள். நம்பாமலே பல்லைக் காட்டியவள் எந்த விதத்தில் உசத்தி?

"படுக்க வைம்மா. கழுத்து ஆடாம இருக்க ரெண்டு பக்கமும் தினைப் பை வச்சிருக்கேன்."

"முப்பது நாள்தானே, யுன்ஷு," என்றான் பெய்லின். "அம்மா மனசு ஆறட்டுமே. என்னையும் இதுலதான் போட்டாங்க. எனக்கு என்ன ஆயிடுச்சு?"

அவள் அவன் தலையைப் பார்த்தாள். பின்பக்கம் பலகைத் தட்டை; சட்டம் போட்டுச் சுவரில் சாய்த்துவைக்கலாம்.

குழந்தை கொட்டாவி விட்டது. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, யுன்ஷு ஒரு கையால் அகராதியை எடுத்தாள். துணி கலையாமல் மாமியாரின் மடியில் வைத்தாள்.

"வேண்டாம் அத்தை," என்றாள். "இவ ஒருக்களிச்சே தூங்கட்டும்."