மைக் செட் பழுது

ஊரில் அவளுக்கு மைக்கு என்றுதான் பேர். புருஷன் செத்ததும் அவன் விட்டுப்போன ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் விற்றுவிடச் சொல்லி சொந்தக்காரர்கள் வந்து நின்றார்கள். "வித்துட்டு? உங்க வீட்ல வந்து உக்காந்துக்கவா?" என்று அவள் கேட்ட கேள்வியில் வந்த வழியே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கல்யாணமா, சாவா, கட்சிக் கூட்டமா, அவள் செட் இல்லாமல் எதுவும் நடந்ததில்லை. பேசுகிறவன் தொண்டையைக் கனைப்பதைக் கேட்டே எந்தக் குமிழை எவ்வளவு திருப்பவேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவாள். அவள் போட்ட மைக் ஒருநாளும் கீச்சிட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கரையில் சரக்குத் துறைமுகம் வரப்போகிறது என்ற பேச்சு ரொம்ப நாளாக அடிபட்டது. கடைசியில் சூழல் ஆய்வு முடிந்துவிட்டது, மக்களிடம் கருத்து கேட்கப் போகிறோம், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கூட்டத்தை நடத்துவது அரசாங்க அதிகாரி. ஆனால் மண்டபம், நாற்காலி, தண்ணீர், மைக் எல்லாம் கம்பெனி செலவு. அதற்கென்று கம்பெனி ஒரு ஆளை அனுப்பியிருந்தது. அவன் வாயைத் திறந்தால் வார்த்தை வழுக்கிக்கொண்டு வரும். மைக்கு மனசுக்குள் அவனுக்கு வெண்ணெய் என்று பேர் வைத்தாள்.

செட் போட அவள் ஒத்துக்கொண்டது அன்றைக்கே அவள் தம்பி காதுக்குப் போய்விட்டது. படகுக்காரன், முன்கோபி, கரைக்காரர்கள் சார்பில் பேச வேண்டியவனும் அவன்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமலே கேட்டான்.

"நீதான் மைக் போடப் போறியாமே? அவங்க காசைத் தொட்டா கை நாறும்க்கா."

"உன் மீனைவிடவா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் கலைந்ததும் அவள் விளக்கமாகச் சொன்னாள். "நான் போடலேன்னா வெளியூர்லேர்ந்து ஒருத்தன வரவழைப்பாங்க. நீ வாயைத் திறக்கும்போது அவன் வயரைப் பிடுங்குவான். நான் இருந்தா நீ பேசறது கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். எது வசதி, நீயே சொல்லு."

"சரி, போடு. ஆனா ஊர் நாலு விதமாப் பேசும்."

"ஊரே என் மைக்லதான பேசுது," என்றாள்.

கூட்டத்தன்று காலையில் அவள் வயரையெல்லாம் தரையோடு டேப் போட்டு ஒட்டி, மேடைக்குப் பக்கவாட்டில் தன் மேசையைப் போட்டுக்கொண்டாள். முன்வரிசைகளை முன்னாடியே பஸ்ஸில் வந்தவர்கள் நிரப்பியிருந்தார்கள். எல்லார் தலையிலும் கம்பெனி தொப்பி. கரைக்காரர்களுக்கு மண்டபத்தின் பின்பாதியில் நிற்கத்தான் இடம். அவளுடைய தம்பி மனைவி பெண்களோடு தூணோரம் நின்றிருந்தாள்.

வெண்ணெய் வந்து மேசைமேல் கையை ஊன்றிக் குனிந்தான். "அக்கா, யாராவது எல்லை மீறிப் பேசினா நான் கையைத் தூக்குவேன். நீங்க லேசா சத்தத்தைக் குறைச்சுடுங்க. சண்டை சச்சரவு வரக்கூடாது, பாருங்க."

"எல்லை எங்க இருக்குன்னு யாரு சொல்றது?"

"நான்தான் கையைத் தூக்குவேன்னு சொன்னேனே."

"என் செட்ல என் கை மட்டும்தான் படும் தம்பி. போய் உங்க வேலையைப் பாருங்க."

அவன் முகம் கோணவில்லை. "உங்க இஷ்டம்கா," என்று சிரித்துவிட்டுப் போனான்.

முதலில் கம்பெனிக்காக ஆய்வு செய்தவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். பிறகு தொப்பிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வேலை கிடைக்கும், ரோடு வரும், ஊர் எங்கேயோ போய்விடும் என்றார்கள். பேசிய அத்தனை பேரும் ஒரே இடத்தில் திக்கினார்கள். ஒரே ஆள் சொல்லிக்கொடுத்த பாடம் போலிருந்தது. அவர்களுக்கும் அவள் வஞ்சகமில்லாமல்தான் சத்தம் வைத்தாள்.

தம்பி மேடை ஏறியபோது மண்டபத்தின் பின்பாதி விசில் அடித்தது. அவன் கையில் காகிதம் எதுவும் இல்லை.

"ஐயா, உங்க ஆய்வுல எங்க கரைக்கு ஒரு பேரு குடுத்திருக்கீங்க. பயன்பாட்டில் இல்லாத கடற்கரை. படிச்சுக் காட்டினாங்க. என் படகு அங்கதான் நிக்குது. என் பொண்டாட்டி அங்கதான் வலையைக் காயப்போடுறா. நான் பொறந்தது அதுக்கு எதிர்த்த வீட்ல. அப்ப நாங்கள்லாம் யாருங்கய்யா? பயன்பாட்டுல இல்லாத ஆளுங்களா?"

பின்னாலிருந்து ஆரவாரம் எழுந்தது. வெண்ணெய் தூணருகே கையைத் தூக்கினான். மைக்கு பார்த்தாள். பார்த்துவிட்டு, குமிழை இன்னும் ஒரு சுற்று ஏற்றினாள். தம்பியின் குரல் மண்டபத்து ஓட்டில் மோதித் திரும்பியது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. செத்துப்போன புருஷன் இதைக் கேட்கவில்லையே என்று ஒரு நொடி நினைத்தாள்.

"இந்த ஆய்வைச் செஞ்சவங்க எங்க கரைக்கு வந்தது எப்ப தெரியுமா? நாங்க கடலுக்குப் போகக்கூடாதுன்னு நீங்களே தடை போட்டிருந்த..."

அதோடு சத்தம் நின்றுவிட்டது.

அவளுடைய ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். ஒன்றுமில்லை. தலைக்கு மேலே ஃபேன் ஜோராகச் சுற்றியது, லைட்டும் எரிந்தது. அவள் மேசைக்கு வரும் கரண்டை மட்டும் எவனோ நிறுத்தியிருந்தான். எழுந்து பின்பக்கம் ஓடினாள். சுவிட்ச் போர்டு இருந்த அறை பூட்டிக்கிடந்தது. பக்கத்தில் வெண்ணெயின் ஆள் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"திறடா!"

"சாவி என்கிட்ட இல்லைங்க."

அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அதிகாரி எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். "மைக் செட் பழுதாயிடுச்சு! மீதிப் பேர் உங்க கருத்தை எழுத்துல குடுங்க! கூட்டம் இத்தோட முடிஞ்சுது!"

"என் செட் நல்லாத்தான் இருக்கு!" என்று மைக்கு கத்தினாள். தொப்பிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஊருக்கே சத்தம் வைத்தவளின் குரல் மேடையைக்கூடத் தாண்டவில்லை. பின்னால் நாற்காலிகள் உருண்டன. போலீஸ் உள்ளே வந்து கரைக்காரர்களை வெளியே தள்ளியது.

தம்பி அவள் மேசைக்கு நேராக வந்தான். கண் சிவந்திருந்தது.

"கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்னியேக்கா."

"டேய், கரண்டை நிறுத்திட்டாங்கடா. பின்னால போய்ப் பாரு, ரூமைப் பூட்டி வெச்சிருக்காங்க."

"ஃபேன் ஓடுது. லைட் எரியுது. உன் செட்டு மட்டும் செத்துப்போச்சா?"

"அதைத்தான்டா நானும் சொல்றேன்!"

"அவன் காலைல உன்கிட்ட குனிஞ்சு குசுகுசுன்னு பேசினதை நான் பாத்தேன்," என்றான். மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

அடுத்த வாரமே வெண்ணெய் பெரிய காரில் அவள் தெருவுக்கு வந்தான். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. அதற்காகத்தான் வந்தானோ என்னவோ, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினான். "அக்கா, அன்னிக்கு ரொம்ப ஒத்துழைச்சீங்க. அடிக்கல் நாட்டு விழாவுக்கும் உங்க செட்டுதான்."

"நான் எங்கடா ஒத்துழைச்சேன்? கரண்டைப் பிடுங்கினது நீ. வா, வந்து என் தம்பிகிட்ட அதைச் சொல்லு. அப்புறம் விழாவைப் பத்திப் பேசலாம்."

"நான் எதுக்குக்கா அதைச் சொல்லணும்?" நிஜமாகவே புரியாதவன் போலக் கேட்டான்.

விளக்குமாற்றைத் தேடினாள். அவன் காரில் ஏறிவிட்டான். ஆனால் தெரு காதில் வாங்கிக்கொண்டது அவன் சொன்ன முதல் பாதியை மட்டும்தான். மறுநாள் கரை முழுக்க அதுதான் பேச்சு.

அதற்கப்புறம் கரையிலிருந்து ஒருத்தரும் அவளைக் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வெளியூர் செட் வந்தது. அது கீச்சிடுவது அவள் வீடு வரை கேட்கும். ஒருநாள் சாயங்காலம் தம்பி மனைவி யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக வந்தாள்.

"அண்ணி, நீங்க செய்யலேன்னு எனக்குத் தெரியும். நீங்க எந்திரிச்சு ஓடினதை நான் பாத்தேன்."

"அப்போ அவன்கிட்ட சொல்லேன்டி!"

தம்பி மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "சொன்னேன் அண்ணி. ஒரு தடவை இல்ல, பல தடவை சொன்னேன். அவருக்கும் உள்ளுக்குள்ள தெரியும்னுதான் நினைக்கிறேன். ஆனா அவருக்கு யார் மேலயாவது கோபப்பட்டாகணும். அந்த அதிகாரி மேல பட்டா அது போய்ச் சேருதா? கம்பெனி மேல பட்டா சேருதா? உங்க மேல பட்டாத்தான் சேருது."

மைக்கு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். மழைக்காலம் தொடங்கும்போது அனுமதி கிடைத்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். மக்கள் கருத்து முறைப்படி கேட்கப்பட்டதாம்.

கரையில் கல் கொட்ட ஆரம்பித்தார்கள். படகுகள் நின்ற இடத்தில் வேலி வந்தது. தம்பி படகை விற்றான் என்று கேள்விப்பட்டாள். யாருக்கு, என்ன விலைக்கு என்று கேட்கக்கூட அவளுக்கு உரிமை இருக்கவில்லை.

அடுத்த வருஷம் துறைமுகத்தைப் பெரிதாக்க மறுபடியும் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். இந்தத் தடவை செட் கம்பெனியுடையது. மைக்கு பேசுவதற்குப் பேர் கொடுத்தாள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். மண்டப வாசலில் காவலாளிகள் பையைச் சோதித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். தன் முறை வந்ததும் நிமிர்ந்தாள். எதிரே நீலச் சட்டையும் கம்பெனி தொப்பியுமாக அவள் தம்பி நின்றான்.

அவளாகவே பையைத் திறந்து காட்டினாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"போங்க," என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் அவளை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அந்த "ங்க" கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மேடையில் அவள் குரல் நடுங்கவில்லை. போன கூட்டத்தில் மைக் பழுதாகவில்லை, கரண்டை நிறுத்தினார்கள், பேச வந்தவர்களைப் பேசவிடாமலே அனுமதி வாங்கினார்கள் என்று முழுசாகச் சொல்லி முடித்தாள். சத்தம் நன்றாகவே கேட்டது. யாரும் குறைக்கவில்லை. அதே அதிகாரிதான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அம்மா, உங்க புகார் மைக் சம்பந்தமானது. இது சுற்றுச்சூழல் கூட்டம். அடுத்தவர் வரலாம்."

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவள் இறங்கி, வெளியே போக வேறு வழி இருக்கிறதா என்று மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். இல்லை. தம்பி நிற்கிற அந்த ஒரு வாசல்தான்.