தணிகாசலத்தின் கனஅளவு

வாயுவாகிவிட்டவர்கள் மேலே போய்விடுகிறார்கள் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் அனுமதிக்க முடியாது. ஆக்சிஜன் காற்றைவிடச் சற்றே கனமானது. ஆகவே அவர்கள் வீட்டிலேயே, பெரும்பாலும் தரையோரமாக இருக்கிறார்கள்.

வேலூரில் தணிகாசலம் சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஆக்சிஜன் ஆனார். எடை அறுபத்து நான்கு கிலோ. மூன்று நாளுக்குள் கனஅளவைக் கணக்கிட்டுக் கொடுத்தால், நகராட்சி தன் அலுவலக வளாகத்தில் அதே அளவில் ஓர் அறை கட்டிக் கொடுக்கும். அறையில் அடங்காதது பொதுக்காற்று.

அவர் மனைவி மங்கையர்க்கரசி இருபத்தாறு வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவள். அவரில் ஒரு துளிகூட வெளியே போகக் கூடாது என்பது மட்டுமே அவளுக்கு வேண்டியிருந்தது. காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினாள். அறுபத்து நாலாயிரம் கிராமை முப்பத்திரண்டால் வகுத்தால் இரண்டாயிரம் மோல். இருபத்திரண்டு புள்ளி நான்கால் பெருக்கினால் நாற்பத்து நாலாயிரத்து எண்ணூறு லிட்டர். நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், இரண்டு புள்ளி எட்டு மீட்டர் உயரத்தில் அறை தயாரானது.

அவரை மேசை விசிறியால் மெல்லத் தள்ளி உள்ளே விட்டார்கள். கதவை இன்னும் சாத்தவில்லை.

அவளிடம் படித்த தேவசகாயம்தான் அங்கே எழுத்தர். வெப்பமானியைப் பார்த்தான். நாற்பத்தோரு டிகிரி.

“இருபத்திரண்டு புள்ளி நாலுங்கிறது சைபர் டிகிரிக்குத்தானே டீச்சர்?”

“ஆமா.”

“நீங்கதானே சொன்னீங்க, வெயிலையெல்லாம் கணக்குல சேக்காதீங்கடா, மார்க்கு போயிடும்னு?”

“அது பரீட்சைக்குச் சொன்னதுப்பா.”

“இங்கயும் அப்படித்தான். மறுகூட்டல் கிடையாது.”

“ரூமைக் குளிர வைக்க முடியாதா?”

“சைபர் டிகிரிக்கா? வேலூர்லயா?”

வெயிலில் விரிந்து, எட்டு கிலோவுக்குச் சற்று மேல் அறைக்கு வெளியே மிஞ்சியது.

“மிஞ்சுனது அவர்ல எது, தேவசகாயம்?”

“வாயுல அப்படிப் பிரிக்க முடியாது டீச்சர். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்.”

அவருடைய கோபத்தில் எட்டில் ஒரு பங்கு, குறட்டையில் எட்டில் ஒரு பங்கு, அவளைப் பெண் பார்க்க வந்த மத்தியானத்தில் எட்டில் ஒரு பங்கு. அவள் முடிந்தவரை அவரை மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் என்று பாடத்தில் இருக்கிறது. வெளியே இருந்ததோ ஆறாயிரத்து எழுநூறு லிட்டர்.

நடைபாதையில் விண்ணப்பத்தோடு ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். “கொஞ்சம் மூச்சை அடக்கிக்குங்க” என்று கும்பிட்டுக் கேட்டாள். நல்ல மனிதர்கள். முகம் சிவக்கும்வரை அடக்கினார்கள். பிறகு விட்டு, மறுபடி இழுத்தார்கள்.

தேவசகாயம் கதவைச் சாத்தி முத்திரை வைத்தான்.

மாலையில் அவள் காட்பாடி பேருந்தில் ஏறினாள். அந்த ஏழு பேரும் ஏறினார்கள். அவள் இறங்கிய நிறுத்தத்திலேயே இறங்கி, தணிகாசலத்தைப் போலவே செருப்பை வாசலில் இடது பக்கமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அவள் எட்டுப் பேருக்கு அரிசி களைந்தாள்.