மயக்கம் என்று எழுதச் சொன்னார்கள்

மயக்கம்னா விழணும். நான் விழலையே. யார் தோளையும் பிடிக்கலையே. தண்ணி கேக்கலையே. அப்புறம் எப்படி அது மயக்கம்?

மேற்பார்வையாளரின் அறைக்கு வெளியே, ஒரு கால் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து இதையே அவள் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்கா. பெட்டி கட்டும் பிரிவில் அரை மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்தாள். தங்கைக்குத் துணை என்று சொல்லிக்கொண்டாலும், தங்கையின் வாய்க்குக் காவலாக வந்தவள்தான்.

அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையில் அவளைப் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் ஊர்ந்துபோகும் பாட்டில்களில் விரிசலோ குமிழியோ எது இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பதினோரு வருஷம் தப்பவில்லை. போன மாதம் ஒரு மதியம் ஐந்து தப்பின.

அன்று பாட்டில் அங்கே, தான் இங்கே என்றிருந்த இடைவெளியை யாரோ உருவிக்கொண்டதுபோல இருந்தது. பக்கத்துப் பெண் இருமினாள். இவள் தொண்டை இருமியது. இயந்திரத்தின் இரைச்சல் காதுக்கு வெளியே இல்லை. பயமும் இல்லை. குமிழி விழுந்த பாட்டில்களைத் தெளிவாகவே பார்த்தாள். எடுத்துப் போடத் தோன்றவில்லை. அந்த வெளிச்சத்தில் குறை என்று ஒன்று இருக்கவில்லை. ஐம்பது பாட்டில்கள் கடக்கிற நேரம் இருக்கலாம். பிறகு கண்ணீர் வழிய வழிய, கை தானாக வேலைக்குத் திரும்பியது. அம்மா இறந்ததிலிருந்து நெஞ்சில் கிடந்த கல், அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது பாதியாகியிருந்தது.

அழுததைப் பார்த்தவர்கள் அவளை ஆலோசகரிடம் அனுப்பினார்கள். புதன்கிழமைதோறும் முதலுதவி அறைக்கு வருகிற பெண்மணி. தூக்கம் எப்படி, வலிப்பு உண்டா, குரல்கள் கேட்கிறதா என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். மருத்துவரிடமும் அனுப்பினார். எதிலும் ஒன்றுமில்லை.

“எனக்குப் பைத்தியமா மேடம்?”

“உங்களுக்கு அப்படித் தோணுதா?”

“இல்ல. பொறந்ததுலேர்ந்து அவ்வளவு தெளிவா நான் இருந்ததே இல்ல.”

“அப்ப அதுக்கு அவசரப்பட்டுப் பேர் வைக்க வேண்டாம். உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

எழுதினார். சிரிக்கவில்லை, பரிதாபமும் படவில்லை. படித்துக் காட்டி, அவள் சம்மதத்தோடுதான் மேற்பார்வையாளருக்கு அனுப்பினார்.

“இங்க பாரு,” என்று அக்கா இடித்தாள். “உள்ள போய் வாயைத் திறக்காத. சார் மயக்கம்னு எழுதி வெச்சிருக்காரு. கையெழுத்தைப் போட்டுட்டு வா.”

“அது மயக்கம் இல்லக்கா.”

“ஆமா, பெரிய ஞானி! அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாத் தெரியாது, இவளுக்கு உலகமே தெரிஞ்சிடுச்சாம்.”

அவளுக்கே சிரிப்பு வந்தது. பால் விஷயம் உண்மைதான்.

“சரி, அம்மா கண்ணுக்குத் தெரிஞ்சாங்கன்னாவது சொல்லித் தொலை. மனுஷன் இரங்குவாரு.”

“தெரியலையே.”

அக்கா இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நெஜமாவே... அம்மா இல்லையா அதுல?” என்றாள்.

ஒரே ஒரு பொய் போதும், அந்த முகம் மலர்ந்துவிடும். வாய்வரை வந்ததை அவள் விழுங்கினாள்.

“தனியா அம்மானு யாரும் இல்லக்கா. ஆனா அம்மா இல்லாத இடம்னும் அங்க எதுவும் இல்ல.”

அக்கா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ஒரு மண்ணும் புரியல. போ, கூப்பிடறாங்க.”

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“வா பருந்து, உக்காரு. அந்தம்மா எழுதினதை அப்படியே மேல அனுப்பினா, அடுத்த புதன்கிழமை என்னைத்தான் அந்த ரூமுக்கு அனுப்புவாங்க.” மயக்கம் என்று எழுதிய புதுத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். “மயக்கம்னா உடம்பு விஷயம். ரெண்டு நாள் லீவு, அப்புறம் பழையபடி உன் இடம். இல்லேன்னா இது கவனக்குறைவு. விளக்குப் பலகையிலேர்ந்து உன்னை எடுத்துடுவாங்க. அட்டைப்பெட்டி ஒட்டணும். நல்ல கண்ணும்மா உனக்கு, வீணாக்காத.”

கண்ணைப் பற்றிச் சொன்னதும் அவளுக்கு ஏதோ பிடிபட்டது. பதினோரு வருஷத்தில் எத்தனையோ பாட்டில்களைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். இல்லாத விரிசலை இருப்பதாகச் சொல்லி ஒன்றைக்கூட ஒதுக்கியதில்லை.

“அஞ்சு பாட்டிலை விட்டது என் தப்புதான் சார். அதை எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“அப்ப கவனக்குறைவுன்னு ஆயிடுமே!”

“ஆகட்டும்.”

“ஒரே ஒரு வார்த்தைம்மா. மயக்கம்னு இருந்துட்டுப் போகட்டுமே. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

இன்று கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தானே அதை நம்பத் தொடங்கிவிடுவாள். அந்த மதியம் ஒரு தலைச்சுற்றலாகச் சுருங்கிப்போகும். கல் மறுபடி முழுசாகும்.

“எனக்கு சார்,” என்றாள்.

பேனாவை மூடி, தாளின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.